சிங்டாவுக்கு முதலில் போன் எடுத்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது நல்லது. ஒஸ்லோவில் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் நான் சில வருடம் ஆசிய ஆலோசகராக இருந்தேன். என் பெயர் அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அந்தப் பதவியை ஏற்ற நாளில் சீனாவோடு சம்பந்தப்பட்டு எனக்குத் தெரிந்திருந்தவை மூன்று: சீனி, சீன வெடி, சைனீஸ் ரோல்ஸ். மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் ஆழமான அறிவு இருந்தது. யாழ்ப்பாணத்துப் பேக்கரிகளில் அதற்குள் அவித்த முட்டையில் பாதியை வைத்து மிதிவெடி என்று விற்பார்கள் என்பது வரை தெரியும். அப்படியொரு பண்டம் சீனாவில் கிடையாது என்பது மட்டும் தெரியாது.

ஏற்றுமதித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை இப்போது எழுதக் காரணம் கோபம். ஓய்வு பெற்றவனுக்குக் கோபம் கூடாது என்கிறார் என் டொக்டர். அவர் உங்கள் அறிக்கைகளை வாசிப்பதில்லை. போன மாதம் உங்களில் ஒருவர் தன் முதலாவது அறிக்கையை எனக்குக் காட்டினார். பெயர் வேண்டாம். எங்கள் ஆட்கள் நிறைந்த ஒஸ்லோப் புறநகர் புருசெத்தில் பிறந்து வளர்ந்த நல்ல பிள்ளை, கொள்வனவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஒரு களஞ்சியத்தை மூடுவது பற்றிய அறிக்கை. இரண்டாவது வரியிலேயே "சீனாவின் அழுத்தம் காரணமாக" என்று இருந்தது.

"சீனாவிலை ஆர் அழுத்தினது?" என்று கேட்டேன்.

"அது வந்து... மார்க்கெட், அங்கிள். அப்பிடித்தான் எல்லாரும் எழுதுறவை."

எல்லாரும் எழுதுகிறார்கள் என்பது உண்மை. நானும் எழுதியிருக்கிறேன், அதுவும் வர்ணப் படங்களோடு. அதனால்தான் எனக்கு இந்தக் கோபம் இரட்டிப்பாக வருகிறது. கொள்கலனை எப்படிப் பதிவது, குளிர்நிலையை எப்படிக் கவனிப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கெல்லாம் கணினி இருக்கிறது. கணினி உதவிக்கு வராத ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்த காலம். பத்திரிகையைத் திறந்தால் சீனா. தொலைக்காட்சியில் பொருளாதாரம் பேச வந்தவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஒரு கிரேன் நின்றது. எங்கள் இயக்குநர் ஒரு மீன் கண்காட்சிக்குப் போய்வந்த சூட்டோடு என்னைக் கோப்பி இயந்திரத்தடியில் பிடித்தார். இந்த நாட்டில் இயக்குநருக்கும் நீ, தரை துடைப்பவருக்கும் நீ. மரியாதையில் சமத்துவம், சம்பளத்தில் மட்டும் பழைய முறை.

"நீ ஆசியாவில் இருந்துதானே வந்தாய்?" என்றார்.

"ஓம்" என்றேன். புவியியல்படி பொய் இல்லை.

"நல்லதாய்ப் போயிற்று. எங்களுக்கு ஆசியர்களைப் புரிந்த ஒருவர் வேண்டும்."

யாழ்ப்பாணத்துக்கும் சீனத் துறைமுகமான சிங்டாவுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒஸ்லோவிலிருந்து தென்கிழக்கு நோக்கிப் போனால் சூடானுக்குள் போய்விடலாம். "அப்படியென்றால் நீ சூடான்காரரைப் புரிந்தவனா?" என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அறை ஜன்னலோரமாக மாறியது. அட்டை அச்சாகி வந்தது. அதைப் புருசெத்தில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் கொடுத்தேன். கோழிக்கடைக்காரருக்குக்கூட ஒன்று.

அடுத்த மாதம் மதியச் சாப்பாட்டு வேளையில் ஆசியர்களைப் பற்றி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாணை மெழுகுத்தாளிலிருந்து பிரித்துக் கடித்தபடியே ஒருவரின் பேச்சைக் கேட்பது இங்குள்ள வழக்கம், நீங்கள் அறிவீர்கள். ஒன்பது சிலைட் தயாரித்தேன். மூன்றாவது சிலைட்: ஆசியர்கள் பொறுமைசாலிகள், நூற்றாண்டுக் கணக்கில் யோசிப்பவர்கள். ஏழாவது சிலைட்: ஆசியர்கள் காத்திருக்க மாட்டார்கள், அவர்களுக்கு உடனே பதில் வேண்டும். மூன்றாவதை என் மனைவியையும் ஏழாவதை என் மாமனாரையும் மனதில் வைத்து எழுதியிருந்தேன். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள். படித்த, நேர்மையான, வரி ஒழுங்காகக் கட்டுகிற மனிதர்கள். ஆசியா என்று வந்ததும் எதைச் சொன்னாலும் பாணோடு சேர்த்து விழுங்கினார்கள். நானும் பரிமாறினேன்.

இனி வடக்கு. எங்கள் ஆட்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடக்குக் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளில்தான் நின்றார்கள். அந்தக் காலத்தில் நானும் அங்கே கொட் மீன் வெட்டினேன். மூன்று குளிர்காலத்துக்கு மேல் தாங்க முடியாமல், படிப்பைச் சாட்டாக வைத்து ஒஸ்லோவுக்கு இறங்கினேன். பக்கத்து மேசையில் நின்று வெட்டிய மலர் இறங்கவில்லை. அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே கடன்பட்டு ஒரு மஞ்சள் வீடு வாங்கி, கடைசியில் அந்தத் தொழிற்சாலையின் தொழிற்சங்கப் பிரதிநிதியும் ஆகிவிட்டார். நான் சேர்ந்த ஒஸ்லோ நிறுவனம் சில வருடத்தில் அதே தொழிற்சாலையை வாங்கியது. ஆகவே மலர் வெட்டிய மீனை நான் விற்றேன். அந்த ஊரில் அந்தத் தொழிற்சாலையைத் தவிர வேறு வேலை இல்லை. அது மூடினால் மலரின் வீடு விறகு.

ஆனால் நினைத்தபடி மூட முடியாது. எங்கள் நிறுவனத்தின் இழுவைப் படகுகளுக்கு அரசாங்கம் மீன்பிடி அனுமதி கொடுத்ததே, பிடித்த மீனை அந்த ஊரில் இறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். மூடுவதென்றால் நிபந்தனையிலிருந்து விலக்குக் கேட்க வேண்டும். விலக்குக் கேட்க நல்ல காரணம் வேண்டும். இதை நினைவில் வையுங்கள்.

ஒருநாள் இயக்குநர் என் மேசையடிக்கு வந்தார். "சீனாவில் மீன் வெட்டித் தருகிறார்களாம். ஒரு விலை கேட்டுப் பார். சும்மா, தெரிந்துகொள்ள மட்டும்."

தெரிந்துகொள்ள மட்டும். இந்த நாட்டு அலுவலகங்களில் இதைவிட ஆபத்தான சொற்கள் எனக்குத் தெரியாது. எவரும் எதையும் தீர்மானிக்காமலே எல்லாம் தீர்மானமாகிவிடும் வழி அது. நான் சிங்டாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே ஒரு தொழிற்சாலையின் உற்பத்தி முகாமையாளர், திருமதி லியு, பேசினார். இருவருடைய ஆங்கிலமும் இரவல். அதனால் நன்றாக விளங்கியது.

"உங்களிடம் மீனும் இருக்கிறது, தொழிற்சாலையும் இருக்கிறது. பிறகு எதற்கு எங்களிடம் விலை கேட்கிறீர்கள்?" என்றார்.

"சும்மா, தெரிந்துகொள்ள மட்டும்" என்றேன்.

விலை வந்தது. அதன் பிறகு மின்னஞ்சல், மாதிரிப் பெட்டி, கடைசியில் என்னையே நேரில் பார்த்துவர அனுப்பினார்கள். வடக்குக் கடலில் பிடித்த மீன் உறைந்து கப்பலேறிப் பாதி உலகத்தைச் சுற்றிச் சிங்டாவுக்குப் போகும். அங்கே உருக்கி, முள் நீக்கி, திரும்ப உறையவைத்து, வந்த வழியே ஐரோப்பாவுக்கு வரும். இதில் இலாபமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். எங்கள் இயந்திரம் முள்ளோடு சதையையும் சேர்த்து வெட்டி எறியும். அங்கே இளம் பெண்கள் சிறு குறடால் முள்ளை மட்டும் பிடுங்குவார்கள். மிஞ்சுகிற அந்தச் சதையும், அந்தப் பெண்களின் குறைந்த கூலியும் சேர்ந்தால் கப்பல் செலவு போக மிச்சம் உண்டு.

மண்டபம் நிறையப் பெண்கள். வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி, கண்கள் மட்டும் தெரிந்தன. உள்நாட்டு மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் என்றார் திருமதி லியு. நான் உள்ளே நுழைந்ததும் மேற்பார்வையாளர் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். எல்லாக் கண்களும் என்மேல் திரும்பின.

"என்ன சொல்கிறார்?"

"கவனமாக வேலை செய்யச் சொல்கிறார்" என்றார் திருமதி லியு, எங்கோ பார்த்துக்கொண்டு.

என் நிறத்தில் ஒரு நோர்வேக்காரனை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள், அந்த வியப்புத்தான் என்று நினைத்தேன். சிநேகமாகக் கையசைத்தேன். ஒருத்தியும் திருப்பி அசைக்கவில்லை. சீனர்கள் உணர்ச்சியை வெளிக்காட்ட மாட்டார்கள் என்று என் ஐந்தாவது சிலைட்டில் இருந்தது. பார்த்தாயா, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். ஆசிய ஆலோசகர்.

விலக்குக் கேட்கும் விண்ணப்பம் போனது. ஓகஸ்ட் மாதத்தில், சம்பந்தப்பட்ட அரச அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி எல்லாத் தரப்பையும் கேட்பதற்கு எங்கள் கூட்ட அறைக்கு வந்தார். இளைஞர். சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் தன் முன்னால் வைத்துக்கொண்டார். தொழிற்சங்கத்தின் சார்பில் மலர் விமானத்தில் வந்திருந்தார். கையில் ஒரு பூ. நகர நடுவில் கார்ல் யூஹான் வீதியில் அரசியல் கட்சிக்காரர்களின் கூடாரங்கள் வரிசையாக நின்ற பருவம் அது. யாரோ நீட்டியதை மறுக்கத் தெரியாமல் வாங்கி வந்திருந்தார். வாடிக்கையாளர்களைப் பார்க்க ஐரோப்பா வந்திருந்த திருமதி லியுவையும் இயக்குநர் அழைத்திருந்தார். ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு சீனரை அதிகாரியின் கண்முன் இருத்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பேசச் சொல்லும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

இயக்குநர் எழுந்தார். துக்க வீட்டுக் குரலில், ஆங்கிலத்தில் பேசினார். இந்தத் தொழிற்சாலையை மூட அவருக்கு மனமே இல்லையாம். வடக்கு அவருடைய இதயமாம். ஆனால் என்ன செய்வது, சீனா வந்துவிட்டது. சீனா விலையை வைத்துக் கழுத்தை நெரிக்கிறது. சீனாவுக்கு இந்த மாதத்துக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்பு வேறு நாட்டுக்குப் போய்விடும்.

"ஆசியர்களின் மனநிலை அப்படி. எங்கள் ஆலோசகர் இதில் நிபுணர்" என்றபடி பொத்தானை அமத்தினார்.

சுவரில் என் ஏழாவது சிலைட். விருந்தினருக்காக ஆங்கிலத்தில் மாற்றியிருந்தார். ஆசியர்கள் காத்திருக்க மாட்டார்கள். போதாததற்கு மூலையில் ஒரு டிராகன் படத்தையும் ஒட்டியிருந்தார். சிவப்பு டிராகன், வாயில் நெருப்பு.

திருமதி லியு சிலைட்டை வாசித்தார். பிறகு என்னை வாசித்தார்.

பக்கத்தில் இருந்த மலர் வாயசையாமல் தமிழில் கேட்டார். "என்ன அண்ணை உது? நீங்களே எழுதினது?"

"ஓம்."

"ஏன்?"

"பிறகு சொல்லுறன், மலர்."

"பிறகெண்டால் எனக்கு வீடிருக்காது."

அதிகாரி தலைக்கவசத்தின் பட்டியை நோண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அலுப்பாக இருந்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தாமலே, "முதலில் யார் யாரைத் தொடர்புகொண்டது?" என்றார்.

"அது ஒரு செயன்முறை. இரு பக்கத்திலும் படிப்படியாக..." என்று தொடங்கினார் இயக்குநர்.

"இல்லை. போன் எடுத்தது யார்?"

நீங்கள் இந்தத் தொழிலில் இருந்தால், இப்படியொரு கேள்வி ஒருநாள் உங்கள் மேசைக்கும் வரும். நீண்ட கேள்வியாக வராது. யோசிக்க அவகாசமும் தராது. அறையில் பதில் தெரிந்தவர் நீங்கள் ஒருவராக இருப்பீர்கள். உங்கள் முதலாளி உங்களைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்துக்கொண்டிருப்பார். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருவர். ஜன்னலோர அறை. இத்தனையும் அந்தக் கணத்தில் கண்முன்னே வந்தன. தைரியம் மட்டும் வரவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இப்படியான நேரத்தில் தைரியம் வரும் என்று நம்பி நீங்கள் காத்திருக்கக் கூடாது. எனக்கு வந்தது எரிச்சல். அதுவும் மலரின் வீட்டுக்காகவோ நீதிக்காகவோ வந்ததென்று நான் பெருமையடிக்க முடியாது. அந்த டிராகனைப் பார்த்து வந்தது. என் முட்டாள்தனம் என்னுடையது. அதற்கு நெருப்புக் கக்கும் வாய் வைக்க இவர் யார்?

"நான்தான்" என்றேன். "எடுக்கச் சொன்னது இவர். சீனாவிலிருந்து எங்களை ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள்தான் விலை கேட்டோம். அவர்கள் சொன்னார்கள். பிறகு இன்னும் குறைக்கச் சொன்னோம்."

இயக்குநரின் புன்னகை அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட மறந்துவிட்டார். "ஆனால் ஆசியர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று நீயேதான்..."

"மூன்றாவது சிலைட்டைப் போடு."

"என்ன?"

"மூன்றாவது."

குழம்பிப்போய்ப் போட்டார். ஆசியர்கள் பொறுமைசாலிகள், நூற்றாண்டுக் கணக்கில் யோசிப்பவர்கள். அதிகாரி முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார்.

"இதில் எது சரி?" என்றார்.

"இரண்டும் பிழை. மூன்றாவது என் மனைவி, ஏழாவது என் மாமனார். எனக்குச் சீனாவைத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு தின்பண்டம். அதுவும் சீனாவில் இல்லையாம், போன இடத்தில் கேட்டுவிட்டேன்."

அதிகாரி சிரித்தார். மலர் சிரிக்கவில்லை. திருமதி லியு கையை உயர்த்தினார், வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவது போல.

"நான் பேசலாமா? என்னை அழைத்திருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. எங்களிடம் ஆட்களே போதாது. பெண்கள் மீன் நாற்றம் பிடிக்காமல் தெற்கே மின்சாதனத் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் மீன் தந்தால் வெட்டுவோம். தராவிட்டால் வேறு யாராவது தருவார்கள். இந்த அம்மாவின் வேலையை எடுத்துத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. உங்கள் வீட்டுச் சண்டைக்குள் எங்கள் நாட்டை எதற்கு இழுக்கிறீர்கள்?"

கூட்டம் அத்துடன் கலைந்தது. நோர்வேயில் கோபம் வந்தால் எல்லோரும் கோப்பிக் கோப்பைகளைச் சேகரித்துக் கழுவும் இயந்திரத்தில் அடுக்குவார்கள். இயக்குநர் அன்று எல்லாக் கோப்பையையும் தானே அடுக்கினார்.

திருமதி லியுவைத் துறைமுகப் பக்கமாகக் கூட்டிப் போனேன். ஒரு மர வாங்கில் அமர்ந்தோம். என் மனைவி கட்டித் தந்த பெட்டியில் ரோல்ஸ் இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக நீட்டினேன். ஒன்றை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுதானா அது? இதற்கு எங்கள் பெயரா?"

"ஓம்."

"ஏன்?"

"தெரியாது. எங்கள் ஊரில் யாரோ வைத்தார்கள். உங்களை ஒருவரும் கேட்கவில்லை."

கடித்தார். "நல்லாயிருக்கிறது. உறைப்பு." கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அன்று எங்கள் மண்டபத்தில் நீங்கள் கையசைத்தீர்களே, நினைவிருக்கிறதா?" என்றார்.

"ஓம். ஒருவரும் திருப்பி அசைக்கவில்லை."

"மேற்பார்வையாளர் ஒலிபெருக்கியில் என்ன சொன்னார் தெரியுமா? 'இவர்தான் நோர்வேக்காரர். துண்டுக்கூலியைக் குறைக்கச் சொன்னவர் இவர்தான். நாங்கள் எவ்வளவோ கெஞ்சினோம், கேட்கவில்லை.' அப்படித்தான் சொன்னார்."

"நான் கூலியைப் பற்றிக் கதைக்கவே இல்லையே!"

"தெரியும். நீங்கள் விலையைக் குறைக்கச் சொன்னீர்கள். எங்கள் முதலாளி தன் பங்கைத் தொடாமல் கூலியைக் குறைத்தார். பெயரை உங்கள் தலையில் போட்டார். நோர்வே என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?"

"நீங்கள் ஏன் அப்போதே எனக்குச் சொல்லவில்லை?"

"நானும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்" என்றார். இன்னொரு ரோல்ஸ் எடுத்தார்.

அந்த வாங்கில் வந்த கோபம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. ஒஸ்லோவில் வேலையைப் பறிக்கச் சீனா என்ற பெயர் தேவைப்படுகிறது. சிங்டாவில் கூலியைப் பறிக்க நோர்வே என்ற பெயர் தேவைப்படுகிறது. இரண்டு முதலாளிகளும் ஒருவரையொருவர் நேரில் கண்டதுகூட இல்லை. ஆனால் என்ன ஒற்றுமை! மலர் அந்தப் பெண்களைத் திட்டுவார், அந்தப் பெண்கள் கையசைக்கிற ஒரு கறுப்பு நோர்வேக்காரனைத் திட்டுவார்கள், நடுவில் இலாபம் யாருடைய கண்ணிலும் படாமல் வீடு போய்ச் சேரும். உலகமயமாக்கல் என்று இதற்குத்தான் தடித்த புத்தகங்கள் எழுதுகிறார்கள். நானும் சில வாசித்தேன். எந்தப் பக்கத்திலும் போன் எடுத்தவரின் பெயர் இல்லை.

சீனாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த அரசாங்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. கூலி குறைந்தால் அந்தப் பெண்கள் மலரைப் போலத் தமக்கென்று ஒரு சங்கம் வைத்து எழுந்து கேட்க முடியாது. விலை மலிவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் கூட்ட அறையில் அதைப் பற்றி யார் வாய் திறந்தார்கள்? மனித உரிமை வேறு மாடி, மீன் வேறு மாடி. இன்னொன்று. அதே வருடங்களில்தான் சீனா எண்ணெயை இழுத்துக் குடித்ததில் இந்த நாட்டு எண்ணெய்க்கு விலை ஏறியது. ஒஸ்லோவின் ட்வெய்ட்டா கடைகளில் காற்சட்டை விலை இறங்கியது. விற்பதற்கு விலை கூடவும் வாங்குவதற்கு விலை குறையவும் ஒரே நாடு காரணம். அதற்கு ஒருவராவது "சீனாவின் அழுத்தம் காரணமாக" என்று அறிக்கை எழுதியதை நான் காணவில்லை.

நாங்களும் குறைந்தவர்கள் இல்லை. எங்கள் தமிழ்ச் சங்கங்களில் ஒன்று மண்டப வாடகையைக் கூட்டியபோது, "கொம்யூன் விடுதில்லை" என்றார்கள். கொம்யூன் என்ற அந்த நகரசபைக்கு அப்படி ஒரு மண்டபம் இருப்பதே தெரியாது.

ஆகவே, தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரு நாட்டின் பெயரை எழுவாயாக வைத்து வரும் வசனத்தைக் கண்டால் நின்றுவிடுங்கள். சீனா கேட்கிறது, ஆசியா விரும்புகிறது, சந்தை தீர்மானித்துவிட்டது. நாடு போன் எடுக்காது. சந்தைக்குக் கை இல்லை. யாரோ ஒரு ஆள், ஒரு மேசையில் இருந்து, நம்பரை அமத்தியிருக்கிறார். அது நீங்களாகக்கூட இருக்கலாம். அதையும் பாருங்கள்.

விலக்குக் கிடைக்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் பதில் வந்தது: மறுக்கப்படுகிறது. அன்று நான் ஒஸ்லோவில் தரையில் நடக்கவில்லை. இந்த நாட்டில் ஒருவரையும் துரத்த மாட்டார்கள், கதிரையை மட்டும் ஜன்னலிலிருந்து மெல்ல மெல்லத் தள்ளி வைப்பார்கள். என் கதிரை முறைப்பாட்டுப் பிரிவில் போய் நின்றது. உருகிய மீன், நாறிய மீன், எண்ணிக்கை குறைந்த பெட்டி. அட்டையிலிருந்து ஆசியா போய்விட்டது. எனக்குக் கவலையில்லை. ஒரு ஊரைக் காப்பாற்றியவன் நான். புருசெத் ரயிலில் கண்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் டிராகன் கொஞ்சம் பெரிதானது.

குளிர்காலம் முடிவதற்குள் நிறுவனம் திரும்பவும் விண்ணப்பித்தது. இந்த முறை சீனா என்ற சொல்லே இல்லை. கட்டமைப்பு மாற்றம் என்று போட்டிருந்தார்கள். கிடைத்துவிட்டது. அடுத்த பருவத்துக்கு முதல் தொழிற்சாலையை மூடினார்கள். மலரின் மஞ்சள் வீட்டை ஒரு ஜெர்மன்காரர் கோடையில் தூண்டில் போடுவதற்கென்று, ஒரு பழைய காரின் விலைக்கு வாங்கினார். மலர் குடும்பத்தோடு ஒஸ்லோவுக்குப் பக்கத்து லில்லெஸ்ட்ரோமுக்கு வந்து வாடகைக்கு இருந்தார், வீடு இல்லாமல், வீட்டுக் கடனில் பாதியோடு. திருமதி லியு ஒவ்வொரு சீனப் புதுவருடத்துக்கும் இரண்டு வரி எழுதுவார். கடைசியாக எழுதியது: "இப்போது எங்கள் முதலாளி வியட்நாமைக் காட்டி எங்களைப் பயமுறுத்துகிறார்."

சில வருடங்களுக்குப் பிறகு ட்வெய்ட்டாவில் ஒரு பிறந்தநாள் விழா. நானும் மலரும் ஒரே மேசையில் இருந்தோம். புதிதாக வந்திருந்த ஒருவருக்கு நான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிராகன் சுவர் முழுவதையும் மூடிய கட்டம் முடிந்ததும் மலரின் பக்கம் திரும்பினேன்.

"என்ன மலர், அண்டைக்கு நான் அந்தப் பதிலைச் சொல்லியிராட்டி அப்பவே மூடியிருப்பாங்கள், என்ன?"

மலர் வாயிலிருந்ததை விழுங்கினார். "கோவியாதேங்கோ அண்ணை. அடுத்த மாசம் எலெக்சனெல்லோ. எலெக்சனுக்கு முதல் வடக்கிலை ஒரு பக்டரியை மூடவிட ஆருக்கு விசர்? மறுக்கிறதெண்டு கூட்டத்துக்கு முந்தின கிழமையே முடிவாம். எங்கடை ஊர் மேயர் பிறகு எனக்குச் சொன்னவர்."

"அப்ப எங்களை ஏன் கூப்பிட்டுக் கேட்டவை?"

"அதுவோ?" மலர் ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார். "சும்மா, தெரிஞ்சுகொள்ள மட்டும்."